டி.வி. வீட்டு மாடி அறை

அத்தியாயம் 3

சாப்பாட்டு மேஜைக்கு நான்கு பக்கம் உண்டு என்பதை மிராசுதார் வைரக்கண்ணு வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை. மூன்று பக்கத்தில் முழங்கையோடு முழங்கை இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது பக்கம் காற்றாடக் கிடந்தது. காத்தான் தன் இலையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனான்.

“தம்பி, அங்க உக்காராதீங்க!” என்று வைரக்கண்ணு அலறினார். “அது கேமரா பக்கம்!”

காத்தான் திரும்பிப் பார்த்தான். கேமரா எதுவும் இல்லை. ஒரு ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே ஒரு கன்றுக்குட்டியும்தான் இருந்தன.

“கன்னுக்குட்டிக்கு முதுகைக் காட்டக் கூடாதுங்களா?”

“டி.வி.யில யாராவது நம்ம பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டுச் சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா? புது வீட்டுக்குன்னு வாங்கின மேஜை. இப்பவே பழகிக்கிறோம்.”

காத்தானுக்கு நாற்பது வயது, பாதி வழுக்கை, முழுப் பசி. இலையோடு திரும்பி வந்து ஹலீமாவின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். ஹலீமா தஞ்சாவூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் பல வருடம் டைப் அடித்தவள். பொய்ச் சாட்சிகளை டைப் அடித்து அடித்தே பொய்யின் வாடை பிடிபட்டுப்போய், வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். காத்தான் அவளுடைய உதவியாளன். சம்பளம் ஒழுங்காக வராவிட்டாலும் சாப்பாடு வரும் என்பதால் ஒட்டிக்கொண்டிருந்தான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருந்த இந்த ஊருக்கு இருவரும் காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். வைரக்கண்ணுவுக்கு அறுபது நிறைகிறது. வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் மனைவி ஞானாம்பாளுக்கு மறுபடி தாலி கட்டுகிறார். கட்டி முடித்த கையோடு புது வீட்டில் குடி புகுகிறார். புருஷன், பெண்சாதி இருவரும் அதுவரை புது வீட்டு நிலைப்படியைத் தாண்டவே கூடாது என்று ஜோசியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நல்ல நாளில் கொஞ்சம் தங்கத்தை மட்டும் உள்ளே வைத்து எடுக்க வேண்டுமாம். ஞானாம்பாளின் காசுமாலையை அவளுடைய தம்பி இராஜாங்கத்திடம் கொடுத்தனுப்பினார்கள். மாலை காணாமல் போய்விட்டது.

“நீங்களே சொல்லுங்க, இராஜாங்கம்” என்றாள் ஹலீமா ரசத்தைக் குடித்தபடி.

இராஜாங்கம் வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருப்பவன். எந்த நேரமும் துவைத்துத் தேய்த்த சட்டை. சொல்லிச் சொல்லிப் பழகிப்போன சரளத்தோடு ஆரம்பித்தான்.

“முந்தாநாள் காலையில சாவியை வாங்கிட்டுப் போனேங்க. முன்வாசல் கதவைத் தொறந்தேன். நேரா ஹாலு. அதைத் தாண்டி மாடிப்படி. ஏறுனேன், திரும்புனேன், மாடி ரூமுக்குள்ள போனேன். சுவரலமாரியில மாலையை வெச்சேன். கீழ வந்து சமையல் ரூமைப் பாத்துக்கிட்டு நிக்கறேன், இந்த வீரையன் படியில எறங்கி வர்றான். மடி புடைச்சிருக்கு. சந்தேகப்பட்டு மறுபடி மேல ஓடிப் பாத்தா, அலமாரி காலி.”

“ரெண்டு தடவை மாடிக்குப் போனீங்க.”

“ரெண்டு தடவைங்க. சத்தியமா.”

பொய்யா மெய்யா என்று காத்தானுக்குத் தெரியவில்லை. கூட்டுக்கறி மட்டும் மெய்யாகவே நன்றாயிருந்தது.

வீரையன் வெளியே மாட்டுக்கொட்டகை ஓரமாகக் குந்தியிருந்தான். மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறான். அவன் அப்பன் காலத்திலிருந்து வைரக்கண்ணுவின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன். பதிவு கிதிவு ஒன்றும் கிடையாது. வைரக்கண்ணு இந்த விஷயத்தில் மகா சூரர். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது செத்துப்போன பெரியப்பா பேரில் கொஞ்சம், பிறக்காத பேரன் பேரில் கொஞ்சம் என்று நிலத்தைப் பிரித்து எழுதியவர். குத்தகைக்காரன் பேர் ஆபீஸில் ஏற மட்டும் விட்டதில்லை. மறுபடி ஆட்சி மாறி, செங்கொடிக்காரர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பதிவு பதிவு என்று கத்திக்கொண்டிருந்த நேரத்திலும் அசைந்து கொடுக்கவில்லை.

“நான் வெளிச்சுவத்துக்குத் தண்ணி அடிச்சதோட சரிங்கம்மா. ஐயா உள்ள போகாதேன்னாங்க, போகல” என்றான் வீரையன். “நாத்து முத்திக்கிட்டு இருக்குங்க. வாய்க்கால்ல தண்ணி ஓடுது. நாலு நாள் போச்சுன்னா அந்த நாத்து மாட்டுக்குத்தான். வயல்ல எறங்கக் கூடாதுன்னுட்டாங்க.”

“மாலை வரலேன்னா நெலத்தை விட்டே எறங்க வேண்டியதுதான்” என்று உள்ளேயிருந்து வைரக்கண்ணுவின் குரல் கேட்டது. “சாயங்காலம் எஸ்.ஐ. வர்றாரு.”

வீரையன் தலையைக் குனிந்துகொண்டான். காத்தானுக்கு ஏப்பம் வந்தது. அந்த இடத்தில் ஏப்பம் விடுவது பாவம் போல் பட்டதால் அடக்கிக்கொண்டான்.

“புது வீட்டு பிளான் இருக்கா?” என்று ஹலீமா உள்ளே போய்க் கேட்டாள்.

“ஓ, இருக்கே!” என்று வைரக்கண்ணு உற்சாகமாக எழுந்தார். “ஞானம், பிளானைப் போடு!”

ஞானாம்பாள் டெக்கில் ஒரு கேசட்டைப் போட்டாள்.

‘பொன்னுசாமி பங்களா’ என்று எழுத்து ஓடியது. செவ்வாய்க்கிழமைதோறும் ஊரையே தெருவில் ஆளில்லாமல் செய்த சிரிப்புத் தொடர். எழுத்து ஓடும்போது பின்னால் இரண்டடுக்கு பங்களா ஒன்று தெரியும். மாடியில் பச்சை ஜன்னல்கள். பிறகு கதை முழுவதும் ஒரே ஹாலில் நடக்கும். பொன்னுசாமி கீழே விழுவார், கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டம் கண்ணுக்குத் தெரியாமல் சிரிக்கும்.

“அச்சு அசலா இதே வீடு” என்றார் வைரக்கண்ணு. “மீரா உசேன் கொத்தனார் இந்த இடத்துல உக்காந்துதான் அளவெடுத்தாரு. ‘நிறுத்துங்க பண்ணை’ம்பாரு, ஞானம் நிறுத்துவா. டி.வி. கண்ணாடி மேல விரலை வெச்சுப் பாப்பாரு. கண்ணாடியில ஒரு விரல்கடைன்னா தரையில இத்தனை முழம்னு ஒரு கணக்கு. டி.வி.யில இருக்கறது எல்லாம் வேணும், டி.வி.யில இல்லாதது ஒண்ணுகூட வேண்டாம்னு நான் ஒரே பேச்சா சொல்லிட்டேன்.”

“ஹாலுக்கு நாலாவது சுவர்?” என்றாள் ஹலீமா.

“டி.வி.யில ஏது? அதான் வாய்க்கால் பக்கம் கடைக்குப் போடுற ஷட்டர் போட்டுட்டோம். தூக்கிவிட்டா காத்து பிச்சிக்கிட்டு வரும்.”

“நாலு பேர் கரையில உக்காந்து உங்க குடும்பத்தையே பாக்கலாம். டிக்கெட்டு உண்டுங்களா?” என்று காத்தான் கேட்டான். வைரக்கண்ணு அதை ஒரு யோசனையாகவே எடுத்துக்கொண்டதுபோல் மோவாயைத் தடவினார்.

ஹலீமா திரையைப் பார்த்தபடி இருந்தாள். பொன்னுசாமி கொட்டாவி விட்டு, படியேறி, திருப்பத்தில் மறைந்தார்.

“நிறுத்துங்கம்மா. இவரு எங்க போறாரு?”

“தூங்கத்தான். மாடி ரூமுக்கு” என்றாள் ஞானாம்பாள்.

“அங்க கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்கும்?”

ஞானாம்பாள் நின்றுபோன திரையை உற்றுப் பார்த்தாள். பொன்னுசாமியின் செருப்பு எந்தக் கால் தேய்ந்திருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியும். கட்டில் தெரியவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் பத்துத் தடவை போய்விட்டு அவர்கள் எந்த ஊர் என்று தெரியாதவள்போல விழித்தாள்.

“காட்ட மாட்டாங்கம்மா. மேல போவாரு, வெளக்கு அணையும். காலையில எறங்கி வருவாரு.”

“எந்த பாகத்துலயும் காட்டலியா? அடுக்குல ஓரமா இருக்கே, அந்தப் பதிமூணாவது கேசட்டைப் போடுங்களேன்.”

“அது ஓடாதுங்க!” என்று இராஜாங்கம் குறுக்கே வந்து கேசட் அடுக்குக்கு முன்னால் நின்றான். “பதியறப்ப கரண்டு போயிடுச்சு. வெறும் பூச்சிதான் பறக்கும்.”

“ஆமாம்மா, அதை யாரும் தொடறதில்ல” என்றாள் ஞானாம்பாள்.

ஹலீமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண்ணாடி துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று காத்தானுக்குத் தெரியும். யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

“கொத்தனார் எங்க இப்ப?”

“வேதாரண்யத்துல குடோன் கட்டறாரு. வெள்ளிக்கிழமை வாங்கன்னு கூப்பிட்டேன். அன்னிக்குத் தனக்கு உடம்பு சரியா இருக்காதுன்னுட்டாரு” என்றார் வைரக்கண்ணு.

“வரப்போற வெள்ளிக்கிழமை காய்ச்சல் வரும்னு இப்பவே தெரிஞ்சவரா? ஜோசியரை விட்டுட்டு அவரையே கேட்டிருக்கலாமே” என்றான் காத்தான்.

வீரையன் உட்பட எல்லாரும் புது வீட்டுக்குப் போனார்கள். அது வாய்க்கால் ஓரமாக நின்றது. தெருப் பக்கம் பார்த்தால் டி.வி.யில் பார்த்த அதே பங்களா. இரண்டு அடுக்கு, மாடியில் வரிசையாகப் பச்சை ஜன்னல்கள், வாசலில் கண்ணேறுக்குப் பூசணிக்காயில் வரைந்த பூதம். மற்ற மூன்று பக்கமும் மேல் பாதி தெரியாதபடி சாரத்தோடு கீற்றுத் தட்டி கட்டியிருந்தது. குடிபோகும் வரை யார் கண்ணும் படக்கூடாதாம்.

வாய்க்காலுக்கு மறுகரையில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த வயல் வீரையனுடையது. உழுது தொளிச் சேறு கலக்கித் தயாராகக் காத்திருந்தது. வீரையன் அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

“இவங்களோட இரு, காத்தான்” என்று சொல்லிவிட்டு ஹலீமா தட்டியை விலக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது தலையெல்லாம் ஒட்டடை. முகத்தில் ஒரு சிரிப்பு, உடனே அதை உள்ளே அனுப்பிவிட்டாள்.

“பாம்பு கீம்பு பாத்தீங்களா, மேடம்?”

“வானம் பாத்தேன்.”

முன்கதவில் சாவியைப் போட்டாள். போகவில்லை. ஊக்கால் குத்தினாள். துவாரத்திலிருந்து காய்ந்த பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அவற்றைக் கைக்குட்டையில் பத்திரமாகப் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காரணம் கேட்டால் திட்டுவாள் என்பதால் காத்தான் கேட்கவில்லை. அவனை உள்ளே போய் ஷட்டரைத் தூக்கச் சொன்னாள்.

“பண்ணை, நீங்க நிலைப்படி தாண்ட வேண்டாம். வாய்க்கால் கரையில நாற்காலி போட்டு உக்காருங்க. உங்க மச்சான் முந்தாநாள் நடந்ததை அப்படியே நடந்து காட்டுவாரு. எஸ்.ஐ. வந்தா சொல்றதுக்கு வசதியா இருக்கும்.”

வைரக்கண்ணுவுக்கு வாயெல்லாம் பல். ஞானாம்பாளும் அவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஷட்டர் கடகடவென்று மேலே போனது. எதிரே, வெயில் விழுந்து, பொன்னுசாமியின் ஹால் முழுசாகத் தெரிந்தது.

“ஐயோ, ஞானம்! அந்தத் தூணு! அதே தூணு!”

“அழாதீங்க, துண்டு நனையுது” என்றாள் ஞானாம்பாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

மறுகரையில் நடவு நின்றது. பெண்கள் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

இவ்வளவு பேர் பார்ப்பது இராஜாங்கத்துக்குப் பிடித்துப்போனது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்வாசல் வழியாக நுழைந்தான். ஒரு தடவை தயங்கினான், சுற்றிப் பார்த்தான், எல்லாம் டி.வி.யில் பார்த்தபடியே இருப்பது தெரிந்ததும் நெஞ்சு நிமிர்ந்தது.

“இப்படி வந்தேன்” என்று கரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். “மாலை இந்தக் கையில. நேரா படிக்குப் போனேன்.”

“மெதுவாப் போனீங்களா, வேகமாவா?” என்றாள் ஹலீமா.

“நல்ல நேரம் முடியப் போவுதேன்னு வேகமாங்க.”

“அப்படியே போங்க.”

இராஜாங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஏறினான். மேலே ஏறியதும் கரைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. பிறகு பொன்னுசாமி போகிற மாதிரியே திருப்பத்தில் மறைந்தான்.

“டொம்!”

தேங்காயைச் சுவரில் போட்டதுபோல் ஒரு சத்தம்.

“அலமாரியைத் தொறந்துட்டீங்களா?” என்று ஹலீமா கீழேயிருந்து கேட்டாள்.

“கத... கதவு சாத்தியிருக்குங்க.”

“தட்டுடா மச்சான்!” என்று வைரக்கண்ணு கரையிலிருந்து குரல் கொடுத்தார். “யாராவது உள்ள இருந்தா தொறப்பாங்க!”

நடவுப் பெண்களில் ஒருத்தி களுக்கென்று ஆரம்பித்தாள். அது வரிசை முழுவதும் ஓடியது. டி.வி.யில் கேட்கிற அதே சிரிப்பு, இந்தத் தடவை முழங்கால் சேற்றோடு.

“காத்தான், டார்ச்சை எடுத்துட்டுப் போய்ப் பாத்துச் சொல்லு” என்றாள் ஹலீமா.

காத்தான் ஏறினான். திருப்பத்தில் இராஜாங்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காத்தான் டார்ச்சை அடித்தான். கதவும் இல்லை, அறையும் இல்லை. படி இருந்தது, படி முடிந்த இடத்தில் பூசாத செங்கல் சுவர் ஒன்று கூரை வரை நின்றது. அதில் கரிக்கட்டியால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. காத்தானுக்கு நாடகத்தில் ராஜபார்ட் போட வேண்டும் என்று சின்ன வயது ஆசை. மறுகரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான்.

“இதுக்கு மேல் டி.வி.யில் காட்டவில்லை. இப்படிக்கு, மீரா உசேன்!”

வைரக்கண்ணு எழுந்து நின்றுவிட்டார். “அப்ப மாடி?”

“இல்லீங்க பண்ணை” என்றாள் ஹலீமா.

“தெருவுல பாத்தா ஜன்னல் தெரியுதே!”

“சுவர் தெரியுது, சுவத்துல ஜன்னல் தெரியுது. அதுக்குப் பின்னாடி வானம். டி.வி.யில இல்லாதது ஒண்ணுகூட வேண்டாம்னீங்க. மாடி ரூமை டி.வி.யில யாரும் பாத்ததே இல்லை. கொத்தனார் உங்க பேச்சைத் தட்டல. சொன்னா நீங்க கத்துவீங்கன்னு பயந்து, வெள்ளிக்கிழமைக்குக் காய்ச்சலை மட்டும் சொல்லி வெச்சுட்டுப் போயிட்டாரு.”

வைரக்கண்ணு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். காசுமாலை போனபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

ஹலீமா இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தாள். “கடைசி நாள் வீட்டைப் பூட்டின பிறகு வெளிக்கதவுக்கு பெயின்ட் அடிச்சிருக்காங்க. சாவித் துவாரமும் சேர்ந்து அடைஞ்சு போச்சு. இன்னிக்கு நான் குத்தற வரைக்கும் இந்தப் பூட்டை யாருமே தொறக்கல. வீரையனும் உள்ள வரல, உங்க மச்சானும் உள்ள வரல. இல்லாத மாடிக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்த ஆள் இவரு ஒருத்தர்தான்.”

“அப்ப என் மாலை?” என்றாள் ஞானாம்பாள்.

“உங்க வீட்டுல யாரும் தொடாத பெட்டி எதும்மா?”

ஞானாம்பாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். நேராகப் பழைய வீட்டுக்கு நடந்தாள். திரும்பி வந்தபோது அவள் கையில் பதிமூன்றாம் பாகத்தின் கேசட் பெட்டி இருந்தது. குலுக்கினாள். உள்ளே காசுகள் சலசலத்தன.

“அக்கா...” என்று இராஜாங்கம் காத்தானோடு படியிலிருந்து இறங்கிக் கரைக்கு வந்தான். மூக்கு வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது. “ரோட்டோரம் இருக்கற நெலம்க்கா. செங்கல் காளவாய் போட்டா காசு கொட்டும். இவன் உக்காந்திருக்கற வரைக்கும் அத்தான் எனக்குத் தர மாட்டாரு. இவனை எழுப்பணும்னுதான்... மாலையைத் திருப்பி வெச்சிருப்பேன்க்கா.”

“அவனைத் திருடன் ஆக்கிட்டு, அப்புறம் வெச்சிருப்பே” என்றாள் ஞானாம்பாள். “அடுத்த பஸ்ஸு எப்பன்னு பாரு. வெள்ளிக்கிழமை நீ வரவேண்டாம்.”

அந்தக் குரலைக் கேட்டுக் காத்தானே ஒரு அடி பின்னால் நகர்ந்தான். இராஜாங்கம் யாரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கப் போனான்.

வைரக்கண்ணு படியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“சரி வீரையா. நடந்தது நடந்துபோச்சு. நீ போயி நாத்தைப் பறி.”

வீரையன் போகவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்தான், இடுப்பில் கட்டப் போனவன் கட்டாமல் மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டான். அவன் அப்படிச் செய்ததை வைரக்கண்ணுவும் பார்த்தார், மறுகரையில் எல்லாரும் பார்த்தார்கள்.

“ஒரு வார்த்தைங்க” என்றான். “இன்னிக்கு இந்த அம்மா வந்தாங்க, தப்பிச்சேன். நாளைக்கு வேற ஒருத்தர் வேற ஒண்ணு சொல்லுவாரு. மூணு நாளா உங்க வாசல்ல திருடனா உக்காந்திருந்தேன். ஏன்டா உக்காந்திருக்கேன்னு எனக்கே கேவலமா இருந்துச்சு. எந்திரிச்சுப் போனா நெலம் போயிடும், அதான் உக்காந்திருந்தேன். பாபநாசம் தாலுக்கா ஆபீஸுக்கு வாங்க. இந்த நெலத்தை உழுறவன் வீரையன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“அது... அதுக்கெல்லாம் நாள் இருக்குப்பா. மொதல்ல வெள்ளிக்கிழமை கல்யாணம் முடியட்டும்” என்று வைரக்கண்ணு வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார்.

“முடியாது” என்றாள் ஞானாம்பாள்.

“என்ன முடியாது?”

“கல்யாணம் முடியாது. என் தம்பி பேச்சைக் கேட்டுக்கிட்டு ஒரு மனுஷனை வாசல்ல குந்த வெச்சோம். தினம் சோறு போட்டேன், அவன் மூஞ்சியைப் பாத்துப் போடல. எனக்கு வெக்கமா இருக்குங்க. வியாழக்கிழமைக்குள்ள ஆபீஸுக்குப் போயி சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா திருக்கடையூர்ல நீங்க தாலியை வெச்சுக்கிட்டு நிக்கலாம். நான் கழுத்தை நீட்ட மாட்டேன்.”

காத்தானுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஹலீமா அவன் கையைத் தொட்டு, சும்மா இரு என்று கண்ணைக் காட்டினாள்.

வைரக்கண்ணு மனைவியின் கழுத்தைப் பார்த்தார். நாற்பது வருடத்துக்கு முன் அவர் கட்டியது அங்கே பழைய மஞ்சள் கயிற்றில் கிடந்தது.

“அந்த ஆபீஸு” என்றார் கடைசியில், “காலையில எத்தனை மணிக்குத் தொறப்பான்?”

“பத்து மணிக்குங்க” என்றான் வீரையன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான்.